கடல்ராஜாவின் திறக்கப்படாத மெயில்

அநியாயத்துக்கு ஆளானவர் என் அப்பா மா தேசூக். செய்தவள் என் அம்மா நாம் யோங்மி. செய்த அநியாயம் இது: கல்யாணத்துக்கு முன்னால், 2001 இலையுதிர் காலத்தில், அப்பா அம்மாவுக்கு ஒரு மெயில் அனுப்பினார். அம்மா அதை இருபத்து நாலு வருஷமாகத் திறக்கவில்லை.

வழியில் தொலைந்த மெயில் இல்லை. விலாசம் தப்பின மெயிலும் இல்லை. அம்மாவின் பெட்டிக்குள் பத்திரமாகப் போய் உட்கார்ந்த மெயில். அம்மா வைத்திருப்பது மூக்குக் கண்ணாடிக் கடை. லென்ஸ் கம்பெனிக்காரர்கள் எழுதுவதெல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான். ஆகவே அம்மா அங்கே போகாத நாளில்லை. லென்ஸுக்கு உள்ள மரியாதை என் அப்பாவுக்கு இல்லை.

நான் பூசானில் சட்டம் படிக்கிறேன். கல்லூரி விவாதக் குழுவில் இருக்கிறேன். எதிரணியை அழவைத்திருக்கிறேன். ஒருமுறை நடுவரையும். வீட்டில் மட்டும் அம்மாவிடம் ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை. இந்த வழக்கில் ஜெயித்தேன். ஜெயித்ததால் என் கட்சிக்காரருக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

விஷயம் வெளியே வந்ததற்குக் காரணம் நாரு என்ற மெயில் கம்பெனி. ஒரு காலத்தில் ஊரே மெயில் வைத்திருந்த இடம். இப்போது என் அப்பா அம்மா மாதிரிச் சிலரைத் தவிர யாரும் போவதில்லை. நவம்பர் கடைசி ஞாயிறு மதியத்தோடு கடையை மூடுகிறோம், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாருக்கும் எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை காலை நான் மாசான் நகரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அப்பா கம்ப்யூட்டர் முன்னால் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் கமலா ஆரஞ்சு. இன்னொரு தட்டில் காய்ந்த கணவாய் மீன். ஒரு சின்னக் கோப்பையில் சோஜு சாராயம்.

"என்னப்பா, யாருக்குத் திதி?"

"கடல்ராஜாவுக்கு" என்றார் அப்பா. "நாளையோட முடியுது."

கடல்ராஜா என்பது அப்பாவின் மெயில் பெயர். அப்போது அவர் கோஜே தீவில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தார். மெயிலுக்குப் பெயர் வைக்கச் சொன்னதும் மனதில் பட்டதை வைத்துவிட்டார். படகு கரையில் கட்டியிருக்கும்போதே அப்பாவுக்கு வாந்தி வரும் என்பது நாருவுக்குத் தெரியாது. மீன் பிடிக்கப் போனால்கூடப் பாறைமேல் உட்கார்ந்துதான் பிடிப்பார். இப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. வால்வு கம்பெனியில் பிரிவுத் தலைவர். வங்கியில், ஆஸ்பத்திரியில், கார் இன்ஷூரன்ஸில், எங்கே மெயில் விலாசம் கேட்டாலும் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, "கடல்ராஜா" என்று தொடங்குவார். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பெண் தலையைக் குனிந்துகொண்டு தட்டச்சு செய்வாள். தோள் மட்டும் குலுங்கும்.

"எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துட்டு, மரியாதையா வழியனுப்பப்போறேன்" என்றார். "இருபத்து நாலு வருஷம் கூட இருந்திருக்கான்."

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் இருந்தது. கருப்பையில் இருந்த என் படம் ஒன்று. வால் முளைத்த அவரைக்கொட்டை மாதிரி இருக்கிறேன். அதை அப்பா கப்பல் தளம் முழுக்க அனுப்பியிருக்கிறார். போங் மேஸ்திரி என்பவர் பதில் போட்டிருக்கிறார்: "மூக்கு அப்படியே உன் மூக்கு." மூக்கு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தலைமுடி கொட்டும் என்று ஒரு மெயில். அப்பா அனுப்பவில்லை போலிருக்கிறது. தலை சாட்சி சொல்கிறது. புதுவருஷ வாழ்த்து அட்டைகள் வரிசையாக வந்தன. திறந்தால் அட்டை இல்லை. ஒரு சாம்பல் நிறக் கட்டம், மூலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

"இதுல பனி விழும்" என்றார் அப்பா, கட்டத்தைத் தொட்டுக் காட்டி. "அப்படியே மெதுவா விழும். மணிச்சத்தம் வேற கேக்கும்." கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த மணிச்சத்தத்தை அவரே வாயால் செய்து காட்டினார். டிங் டிங் டிங். ஒரு சிவப்புப் பெருக்கல் குறிக்கு இத்தனை அன்பாக யாரும் மணியடித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் அனுப்பிய பெட்டிக்குப் போனோம்.

நாருவில் ஒரு வசதி உண்டு. நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு மெயிலுக்கு நேரேயும் அந்தப் பக்கம் எப்போது படித்தார்கள் என்று தேதியும் மணியும் போட்டு வைப்பார்கள். படிக்காவிட்டால் அதையும் போடுவார்கள். அந்தக் காலத்தில் பாதிக் காதல் முறிந்தது அதனால்தான் என்று அப்பா சொல்வார். நான் அடிமட்டம்வரை இறங்கினேன். படித்தது, படித்தது, படித்தது. கீழே ஒரே ஒரு வரி. பெறுநர்: நாம் யோங்மி. தலைப்பு: மிக முக்கியம். நேரே: இன்னும் படிக்கவில்லை.

"அப்பா, இது என்ன?"

"அதுவா." அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். "விடும்மா. பழைய கதை. உங்கம்மாவுக்கு நேரம் கிடைக்கல."

"இருபத்து நாலு வருஷமாவா?"

"வேலை இருந்திருக்கும்." ஒரு பெருமூச்சு விட்டார். மூச்சு போன வேகத்தில் ஆரஞ்சுத் தோல் ஒன்று தட்டைவிட்டு இறங்கியது. நான் அவருக்கு இன்னொரு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். அதையும் சோகமாகத்தான் சாப்பிட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சமையலறைக்குப் போனேன். அம்மா பயறு முளைக்கு வால் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"இருக்கு. ஏன், உனக்கு வேணுமா?"

"அப்பாவோட மெயிலை ஏன் நீ தெறக்கல?"

"எந்த மெயில்?"

"2001ல அனுப்பினது."

"ஓ, அதுவா." போன வாரம் வந்த தண்ணி பில்லைப் பற்றிக் கேட்டதுபோல இருந்தது குரல். "அதுக்கு இப்ப என்ன அவசரம்?"

"அவசரமா? அந்த மெயிலுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி."

"அப்ப மரியாதை குடுத்துப் பேசு."

"ஒரு மனுஷன் உள்ளத்தைக் கொட்டி எழுதியிருக்காரு."

"கொட்டினாருன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ படிச்சியா?"

"மத்தவங்க கடுதாசியைப் படிக்கிற பழக்கம் எனக்கு இல்ல."

"நல்ல பழக்கம். அந்தக் கூடையை இப்படித் தள்ளு."

"அம்மா, அது உனக்கு வந்த கடுதாசி."

"எழுதினவரு உள்ள ஆரஞ்சு தின்னுட்டு இருக்காரு. அவ்வளவு முக்கியம்னா வந்து வாயால சொல்லட்டும். ஒரே வீட்லதான இருக்கோம்."

பேச்சு அன்றைய மதியச் சாப்பாட்டு மேஜைக்கும் வந்தது. அங்கேதான் முழுக் கதையும் கிடைத்தது. ஆளுக்குப் பாதியாகச் சொன்னார்கள்.

அப்போது அம்மாவுக்குத் தேகூ நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. அப்பா தீவில். பழக ஆரம்பித்து ஐநூறாவது நாளைக் கொண்டாட அம்மா லீவு போட்டுவிட்டு, புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு, ரயிலடியில் காத்திருந்தாள். அப்பா வரவில்லை.

"மறந்துட்டேன்" என்றார் அப்பா.

"மறக்கல. மீன் பிடிக்கப் போயிட்டாரு. போங் மேஸ்திரியோட."

"மறந்துட்டு மீன் பிடிக்கப் போயிட்டேன்."

"செருப்பு கடிச்சுப் புண்ணாயிடுச்சு. இனிமே என்கிட்ட பேசாதீங்கன்னு போனை வெச்சிட்டேன்."

போனை எடுக்கவே இல்லை என்பதால் அப்பா பிரௌசிங் சென்டருக்குப் போனார். இரண்டு பக்கமும் பையன்கள் காதில் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருக்க, நடுவில் உட்கார்ந்து ஒற்றை விரலால் அந்த மெயிலை அடித்தார். அனுப்பினார். மறுநாள் போய்ப் பார்த்தார். இன்னும் படிக்கவில்லை. அடுத்த நாளும் போனார். அதே வரி. கடைக்காரன் அப்பாவைப் பார்த்தாலே ஒரு கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றி எடுத்து வருவானாம். அத்தனை நாள் போயிருக்கிறார். வாரம் தாண்டியது. தாங்காமல் பஸ் ஏறிவிட்டார்.

"நேரா கடைக்குள்ள வந்து நின்னாரு" என்றாள் அம்மா. "உள்ள முதலாளி இருக்காரு. நான் என்ன பண்றது. கண்ணு டெஸ்ட் பண்ண வந்திருக்காருன்னு சொல்லி நாற்காலில உக்கார வெச்சிட்டேன்."

"ஒரு கண்ணை மூடிட்டாம்மா" என்றார் அப்பா. "யோங்மி, நீ என் மெயிலைத் தெறக்கவே இல்லன்னு சொல்றேன். அவ குச்சியை வெச்சுக்கிட்டு, இந்த வரி தெரியுதாங்கறா."

"தெரியலன்னாரு. ஏன்னா அழுதுட்டு இருந்தாரு."

"அழல. வெளிச்சம் ஜாஸ்தி."

"மூணாவது வரிக்கிட்ட வந்ததும், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு பலகையைப் பாத்துக் கேட்டாரு. முதலாளி எட்டிப் பாத்து, அதுல அப்படியா எழுதியிருக்குன்னாரு."

அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒரு வழக்கை இப்படித்தான் கலைப்பார்கள். எதிராளி ஒரு நல்ல கதை சொல்வார், எல்லாரும் சிரிப்பார்கள், நியாயம் கிம்ச்சிக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். வீட்டில் எழுந்து நின்று பேசுவது எனக்கு வழக்கம். அவர்களுக்கும் பழக்கம்.

"அம்மா, மூணு விஷயம் கேக்கறேன். கடுதாசி எழுதினவருக்கு அது படிக்கப்படணும்ங்கற எதிர்பார்ப்பு இருக்கா இல்லையா?"

"இருக்கும்."

"நாளை மதியத்துக்கு அப்புறம் அதை யாராலயும் எப்பவும் படிக்க முடியாது. சரியா?"

"சரி."

"உன் போனை எடுத்து ஒரு விரலால தொட்டா வேலை முடிஞ்சுது. அதைக்கூடச் செய்ய மாட்டேன்னா, நீ அந்த மனுஷனை என்னன்னு நெனச்சிருக்க? பாரு அவரை."

அம்மா பார்த்தாள். அப்பா கணவாயை மென்றுகொண்டு முடிந்தவரை அனாதையாகத் தெரிந்தார். அம்மா அவரையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சரி" என்றாள். "நீ சொல்றது நியாயம்தான். நாளைக்குக் காலைல குளிச்சிட்டு வந்து தெறந்து படிக்கறேன்."

ஜெயித்துவிட்டேன். பிறந்ததிலிருந்து முதல்முறை. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். கைகுலுக்குவார் என்று நினைத்தேன். கணவாய் தொண்டையில் மாட்டி, முகம் ஊதா நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் அடுக்குமாடியில் சனிக்கிழமை சாயங்காலம்தான் பாட்டில், அட்டை, பிளாஸ்டிக் எல்லாம் தனித்தனியாகப் பிரித்துப் போடும் நேரம். அது அப்பாவின் வேலை. "நீயும் வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.  அட்டைப்பெட்டிகளை மிதித்து மட்டமாக்கும் இடத்துக்கு வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சேபோம், நீ ஏம்மா இப்படிப் பண்ணின?"

"உங்களுக்காகத்தானப்பா."

"நான் கேட்டேனா?"

"பெருமூச்சு விட்டீங்களே."

"பெருமூச்சு விட்டா ஆரஞ்சு உரிச்சுக் குடுத்த. அதோட நிறுத்தியிருக்கலாம்ல." ஒரு பெட்டியை மிதித்தார். "அந்த மெயில்ல என்ன இருக்கு தெரியுமா? இனி வாழ்நாள்ல தூண்டிலைத் தொடமாட்டேன்னு எழுதியிருக்கேன். சத்தியமா. போங் மேஸ்திரி தலைமேல அடிச்சு."

நான் கையில் இருந்த கண்ணாடி பாட்டிலைப் பிளாஸ்டிக்கில் போட்டுவிட்டேன்.

"போன ஞாயித்துக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?"

"தோங்யோங் கடற்கரைப் பாறைமேல."

"அதுக்கு முந்தின ஞாயிறு?"

"அதே பாறை."

"நான் பொறந்த அன்னிக்கு?"

"அது வேற பாறை." அப்பா குரலைத் தாழ்த்தினார். "இதப் பாரு. கல்யாணம் ஆச்சு. ஒரு மாசம் தொடல. சத்தியமா தொடல. அப்புறம் யோசிச்சேன். அவ படிக்கல. படிக்காத வாக்கு எப்படி வாக்காகும்? ஒரு ஞாயிறு போய்ப் பாத்தேன். அவ ஒண்ணும் சொல்லல. அப்படியே போச்சு. நாளைக்கு மதியம் நாரு மூடிட்டா நான் சுத்தமா விடுதலை. கையெட்டற தூரத்துல இருந்துதும்மா."

என் கட்சிக்காரர் குற்றவாளி. இதை விவாதக் குழுவில் யாரும் சொல்லித்தரவில்லை. சட்ட வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. அதையும் சொல்லித் தொலைத்தேன்.

"அப்பா, வாக்கு போய்ச் சேர்ந்தாலே போதும். எதிராளி படிச்சிருக்கணும்னு அவசியமில்ல."

"யாரு சொன்னா?"

"எங்க பேராசிரியர்."

"அவருக்கு மீன் பிடிக்கற பழக்கம் உண்டா?"

"தெரியலப்பா."

"இருக்காது." அப்பா அடுத்த பெட்டியைப் பேராசிரியரை நினைத்து மிதித்தார். பிறகு திடீரென்று முகம் தெளிந்தது. "ஒரு வழி இருக்கு. திரும்ப வாங்கிக்கலாம்."

இருந்தது. அதுவும் நாருவின் வசதிதான். எதிர்ப்பக்கம் படிக்காதவரை, அனுப்பியவர் ஒரு பொத்தானைத் தட்டினால் மெயில் அவர்கள் பெட்டியிலிருந்தே மறைந்துவிடும். குடித்துவிட்டு மேலதிகாரிக்கு எழுதியவர்களைக் காப்பாற்றிய பொத்தான்.

"நாளைக்குக் காலைல உங்கம்மா குளிக்கப் போற நேரத்துல" என்றார் அப்பா. "நீ பாக்கல. உனக்கு ஒண்ணும் தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா துண்டு, சோப்பு, தேய்க்கிற துணி எல்லாம் கூடையில் எடுத்துக்கொண்டு தெருமுனைப் பொதுக் குளியல் கூடத்துக்குக் கிளம்பினாள். போனால் உடம்பு சிவக்கும்வரை வரமாட்டாள். கதவு சாத்தின சத்தம் கேட்டதும் அப்பா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டார். தூண்டில் பையை ஏற்கனவே வாசல் பக்கம் கொண்டுவந்து வைத்திருந்தார். நான் ஒன்றும் தெரியாதவளாக அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன்.

திரும்ப வாங்கு என்ற பொத்தானைத் தட்டினார். ஒரு சின்னக் கட்டம் வந்து, நிச்சயமாகவா என்று கேட்டது.

அப்பா கையை எடுத்துவிட்டார். "ஒரு தடவை படிச்சுட்டுத் தட்டறேன்" என்றார். "என்ன எழுதினேன்னு மறந்தே போச்சு."

திறந்தார். மெதுவாக, உதடு அசையப் படித்தார். அவர் தடுக்காததால் நானும் தோளுக்குமேல் எட்டிப் படித்தேன். எழுதியவரே பக்கத்தில் இருந்தால் அது மற்றவர் கடுதாசியைப் படிப்பது ஆகாது.

"யோங்மி, நான் தேசூக். பெயர் போட வேண்டுமா என்று தெரியவில்லை. போடாவிட்டால் கடல்ராஜா யார் என்று நீ நினைப்பாய். பக்கத்தில் பையன்கள் சுட்டுக்கொண்டிருப்பதால் கோர்வையாக எழுத வரவில்லை. உன் செருப்பை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. மீன் இல்லாமல் இருந்துவிடுவேன். நீ பேசாமல் இருந்தால் ராத்திரிச் சோறுகூட இறங்கவில்லை. இனி வாழ்நாளில் தூண்டிலைத் தொடமாட்டேன், போங் மேஸ்திரிமேல் சத்தியம். என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா? பதிலை இதே விலாசத்துக்கு அனுப்பவும்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். வெளியே காய்கறி லாரிக்காரர் ஒலிபெருக்கியில் முள்ளங்கி விற்றுக்கொண்டு போனார். லாரி தெருவைத் தாண்டும்வரை அப்பா அசையவில்லை.

"தட்டுங்கப்பா."

"பாவம்மா இதை எழுதின பையன்" என்றார். "ஒத்தை விரலால அடிச்சிருக்கான். கேள்விக்குறி எங்க இருக்குன்னு தெரியாம பக்கத்துப் பையன்கிட்ட கேட்டான். அவன் ஆட்டத்துல செத்துப்போய் என்னை மொறைச்சான்." கட்டத்தின்மேல் இருந்த வேண்டாம் என்ற எழுத்தைத் தட்டினார். "இதை நான் அழிச்சேன்னா அவன் அங்க வந்து உக்காந்ததே இல்லன்னு ஆயிடும்."

"அப்ப மீன்?"

அப்பா எழுந்தார். வாசலுக்குப் போய்த் தூண்டில் பையை எடுத்து, பால்கனி அலமாரியில் மேல்தட்டில் வைத்துச் சாத்தினார்.

அம்மா வேகவைத்த இறால் நிறத்தில் திரும்பி வந்தாள். அப்பா கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கம்பெனியில் பதவி உயர்வு வந்தபோதுகூட அவர் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

"சேபோம் அம்மா, நீ அதைத் தெறக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். இன்னையிலேர்ந்து நான் மீன் பிடிக்கப் போகமாட்டேன். இனி எல்லா ஞாயித்துக்கிழமையும் வீட்லதான். காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும். உன்கூடவே."

அம்மாவின் முகத்தில் இருந்த சிவப்பு அப்படியே வடிந்தது. கூடையைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, வேண்டாங்க."

"என்ன வேண்டாம்?"

"தூண்டிலை எதுக்கு விடணும்? உடம்புக்கு நல்லதுதான அது."

"அந்த மெயிலைப் படிச்சா நீ இப்படிச் சொல்லமாட்ட."

"படிச்சுட்டுதாங்க சொல்றேன்" என்றாள் அம்மா. "மீன் இல்லாம இருந்துடுவேன், ராத்திரிச் சோறு எறங்கலன்னு எழுதினீங்களே. போங் மேஸ்திரி பாவம், அவருமேல எதுக்குச் சத்தியம்?"

அப்பா சோபாவில் உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வழக்கு போய்விடும்.

"பெட்டியில இன்னும் படிக்கலன்னு இருக்கேம்மா."

"நாருவுக்குள்ள போய்ப் படிச்சாத்தான்டி அவங்களுக்குத் தெரியும். கடைக் கம்ப்யூட்டர்ல மெயில் எல்லாம் தானா வந்து எறங்கிடும். முதலாளி அப்படிப் போட்டு வெச்சிருந்தாரு. அங்கயே படிச்சுட்டேன். அனுப்பின மறுநாளே."

"அப்ப நான் பஸ் ஏறி வந்தப்ப?" என்றார் அப்பா.

"தெரியும்."

"நாற்காலில உக்காந்து, நீ தெறக்கவே இல்லன்னு அழுதேனே."

"வெளிச்சம் ஜாஸ்தின்னீங்க."

"ஏன் சொல்லல யோங்மி?"

"சொன்னா மெயில் போட்டதோட வேலை முடிஞ்சுதுன்னு அடுத்த பஸ்ல போயிருப்பீங்க. வாயால கேக்கணும்னு எனக்கு இருந்துது. கேட்டீங்க. நல்லாத்தான் கேட்டீங்க, பலகையைப் பாத்து."

"இருக்கட்டும்" என்றேன் நான். "அப்ப இத்தனை வருஷம் அவர் வாக்கை மீறி மீன் பிடிச்சிட்டு இருந்ததை ஏம்மா கேக்கல?"

அம்மா என்னைச் சின்னக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எதுக்குக் கேக்கணும்? ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள போயிடறாரு. வீடு அமைதியா இருக்கு. சாயங்காலம் ரெண்டு மீனோட திருட்டு முழி முழிச்சுக்கிட்டு வராரு. வந்ததும் பாத்திரம் தேய்க்கறாரு, பாத்ரூம் கழுவறாரு, கேக்காமலே எனக்குக் காலு புடிச்சு விடறாரு. குப்பை பிரிக்கறது யாரு, நீயா? வாக்கைக் காப்பாத்தற புருஷன் இதெல்லாம் செய்வானாடி? எதிர்வீட்டு குவோக்கைப் பாரு. வாழ்க்கைல ஒரு தப்பு பண்ணினதில்ல. ஒரு ஸ்பூன் கழுவினதில்ல."

"நேத்து தெறக்கறேன்னு ஏன் சொன்ன?"

"நீ நின்னுக்கிட்டு மூணு கேள்வி கேட்ட. சரின்னேன். எப்படியும் காலைக்குள்ள இவரே திரும்ப வாங்கிடுவாருன்னு நெனச்சேன். அதுக்குத்தான் குளிக்கவும் மெதுவாப் போனேன்." அப்பா பக்கம் திரும்பினாள். "ஏங்க வாங்கல?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "முடியல" என்றார்.

அம்மா கூடைப் பக்கம் குனிந்தாள். ஏற்கனவே பிழிந்திருந்த துண்டை எடுத்து இன்னொருமுறை பிழிந்தாள். ஒரு சொட்டும் வரவில்லை.

"இருந்தாலும் வாக்கு வாக்குதான்" என்றார் அப்பா. மனிதருக்குக் கொஞ்சமாவது மரியாதை மிச்சம் வேண்டுமே. "எழுதிட்டேன். இனி நான் வீட்லதான்."

"மணி என்ன?" என்றாள் அம்மா.

"பதினொண்ணே முக்கால்."

"பதிலை இதே விலாசத்துக்கு அனுப்பவும்னு எழுதியிருந்தீங்க. போய் உக்காருங்க."

அம்மா சமையலறை மேஜையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பக்கத்தில் நேற்றைய சோஜு கோப்பை அப்படியே இருந்தது. இரண்டு அறைக்கும் நடுவில் நிலைப்படியில் நான் நின்றேன். ஒரு நியாயவாதிக்கு அன்றைக்கு வேறு இடம் இருக்கவில்லை.

அனுப்பிய பெட்டியின் அடிமட்டத்தில் அந்த ஒற்றை வரி மாறியது. படித்தது என்று வந்தது, அன்றைய தேதியோடு. அப்பா திரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. சமையலறையில் அம்மாவும் ஒற்றை விரலால்தான் அடித்துக்கொண்டிருந்தாள். கடல்ராஜாவுக்கு இன்னும் சில நிமிஷம்தான்.  வந்த பெட்டிக்கு நேரே ஒன்று என்ற எண் எழுந்தது. அப்பா கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு திறந்தார்.

"மா தேசூக் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். கல்யாணத்துக்குச் சம்மதம். தூண்டில் விஷயமாக எழுதியிருந்ததற்குச் சம்மதமில்லை. வெயில் இருக்கும்போதே கிளம்பவும். திரும்பி வரும் வழியில் வழக்கம்போல மார்க்கெட்டில் மீன் வாங்க வேண்டாம். அந்த மீன்காரம்மா என் கடையில்தான் கண்ணாடி போடுகிறார். இந்த வாரம் உங்களுக்குக் கொடுக்கிற மாதிரி நல்ல மீன் வரவில்லையாம்."